முகமூடிக்கு முந்தைய வயது

1988-இல் வெளிவந்த ‘தி கில்லிங் ஜோக்’ சித்திரக்கதையில் பார்பரா கார்டன் வீட்டுக் கதவைத் திறக்கிறாள். வாசலில் பேட்மேனின் எதிரி ஜோக்கர். துப்பாக்கி வெடிக்கிறது. அதன்பின் அவளால் நடக்க முடியவில்லை. ஆனால் ஜோக்கரின் குறி அவள் அல்ல, கோதம் நகரக் காவல் ஆணையரான அவள் அப்பா. அப்பாவைப் பைத்தியமாக்குவதற்காக மகளைச் சுட்டான். அதோடு கதை அவளை விட்டுவிட்டு அப்பாவின் பின்னால் போய்விடுகிறது. இத்தனைக்கும் 1967 முதல் ‘பேட்கேர்ள்’ என்ற பெயரில் குற்றவாளிகளை விரட்டியவள் அவள்.

2020-இல் வந்த ‘தி ஆரக்கிள் கோட்’ கிராபிக் நாவலிலும் பார்பரா இருக்கிறாள். இப்போது அவள் பதின்வயதுப் பெண், கணினிப் பூட்டுகளை உடைப்பதில் கெட்டிக்காரி. இங்கும் குண்டு பாய்கிறது, சக்கர நாற்காலி வருகிறது. ஆனால் கதை தொடங்குவதே அங்கேதான். மறுவாழ்வு மையத்தில் சேர்கிறாள், கோபப்படுகிறாள், யாரிடமும் பேச மறுக்கிறாள், மெல்லத் தோழிகளைப் பெறுகிறாள். அங்கே சிகிச்சைக்கு வந்த சிலர் காணாமல் போவது அவளுக்கு மட்டும் உறுத்துகிறது. இதை எழுதிய மரீகே நைகாம்ப் நெதர்லாந்தைச் சேர்ந்தவர், தாமும் மாற்றுத்திறனாளி. முன்பு வேறொருவர் கதையில் ஒரு திருப்பமாக இருந்த காயம், இங்கே அவளுடைய சொந்தக் கதை.

பழைய சூப்பர்ஹீரோக்களைப் பதின்பருவத்தினராக மாற்றி எழுதும் போக்குக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இது புதிய யோசனையா?

இல்லை. சூப்பர்மேனுக்கு விதை போட்டவர்களே பள்ளி மாணவர்கள். கிளீவ்லேண்டில் ஒரே உயர்நிலைப் பள்ளியில் படித்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் 1933-லேயே அந்தப் பெயரில் ஒரு கதை செய்துவிட்டார்கள். 1938-இல் நாம் அறிந்த சூப்பர்மேன் அச்சேறியபோது இருவருக்கும் வயது 23. ஆனால் அவர்கள் படைத்த நாயகன் முழுதாக வளர்ந்த ஆண்.

அப்போதைய காமிக்ஸில் இளையவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் எடுபிடி வேடம்தான். 1940-இல் பேட்மேனுக்குத் துணையாக ராபின் வந்தான். 1945-இல் சூப்பர்மேனின் சிறுவயதுக் கதைகள் ‘சூப்பர்பாய்’ என்ற பெயரில் தொடங்கின. 1962-இல் ஸ்பைடர்மேன் வந்து கணக்கை மாற்றினான். ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கர் யாருக்கும் துணை அல்ல. பள்ளியில் கேலிக்கு ஆளாகிறவன், வீட்டில் பணத்தட்டுப்பாடு, அவனே நாயகன்.

இப்போது ஏன் இத்தனை நூல்கள்?

காரணம் பாதி வியாபாரம். அமெரிக்காவில் சூப்பர்ஹீரோ கதைகள் இருபது சொச்சம் பக்க மாத இதழ்களாக, தனி காமிக்ஸ் கடைகளில் விற்பவை. எண்பது ஆண்டுக் கதைத்தொடர்ச்சி பின்னால் நிற்பதால், புதிதாக ஒரு இதழைப் புரட்டுகிறவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. இதற்கிடையே ரெய்னா டெல்கெமையரின் ‘ஸ்மைல்’ (2010) போன்ற நூல்கள் வேறொரு வழியைக் காட்டின. பற்களுக்குச் சிகிச்சை பெறும் ஒரு சிறுமியின் சாதாரணக் கதை, புத்தகக் கடைகளிலும் பள்ளி நூலகங்களிலும் பெரிய வரவேற்பைப் பெற்றது. படக்கதை படிக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். காமிக்ஸ் கடைக்குத்தான் வரவில்லை.

பேட்மேன், சூப்பர்மேன் கதைகளை வெளியிடும் டிசி நிறுவனம் 2018-இல் இளையோருக்கென்றே தனி வரிசைகளை அறிவித்தது. 2019 முதல் நூல்கள் வரத் தொடங்கின. வரிசைகளின் பெயர்கள் சீக்கிரமே கைவிடப்பட்டன, நூல்கள் நிற்கவில்லை. எழுத அழைக்கப்பட்டவர்களில் பலர் இளையோர் நாவலாசிரியர்கள். ‘டீன் டைட்டன்ஸ்: ரேவன்’ நூலைக் கேமி கார்சியா எழுத, படம் வரைந்தவர் பிரேசில் இளைஞர் கேப்ரியல் பிக்கோலோ. டைட்டன்ஸ் என்ற இளம் சூப்பர்ஹீரோ குழுவினருக்குச் சாதாரண உடை மாட்டி, ரசிகராக இணையத்தில் வரைந்து போட்டுக்கொண்டிருந்தவரை நிறுவனமே கூப்பிட்டு வேலை கொடுத்தது.

எதை மாற்றுகிறார்கள்?

வயதைக் குறைப்பது எளிது. அதோடு விதியையும் தளர்த்துவதில்தான் சூட்சுமம். 2001 முதல் 2011 வரை ஓடிய ‘ஸ்மால்வில்’ தொடரில் கிளார்க் கென்ட் என்றாவது ஒருநாள் சூப்பர்மேனாவான் என்பது எல்லோருக்கும் தெரியும். அது முன்கதை. இந்த நூல்கள் முன்கதைகள் அல்ல. ஒவ்வொன்றும் தனி உலகம். பழைய வாழ்க்கை வரலாறு எழுத்தாளரின் கையைக் கட்டிப்போடுவதில்லை.

ஹார்லி குவின் 1992-இல் தொலைக்காட்சிக் கார்ட்டூனில் பிறந்த பாத்திரம். மனநல மருத்துவராக ஜோக்கருக்குச் சிகிச்சை தரப் போய், அவனிடமே மனத்தைப் பறிகொடுத்தவள். மரிகோ டமாகி எழுதி ஸ்டீவ் பியூ வரைந்த ‘பிரேக்கிங் கிளாஸ்’ (2019) நூலில் அவளுக்கு 15 வயது. கையில் 5 டாலரோடு பாட்டியைத் தேடி கோதமுக்கு வருகிறாள். பாட்டி உயிரோடு இல்லை. பெண்வேடமிட்டு மேடையேறும் ஒரு கலைஞர் அடைக்கலம் தருகிறார். அந்தக் குடியிருப்பைப் பெருநிறுவனம் ஒன்று விழுங்கப் பார்க்கிறது. கூடிப் போராடலாம் என்கிறாள் தோழி ஐவி, கொளுத்திவிடலாம் என்கிறான் ஜோக்கர். பழைய ஹார்லியைத் தெரிந்தவர்களுக்குத்தான் இங்கே அதிகப் பதற்றம்.

‘டெம்பஸ்ட் டாஸ்ட்’ (2020) நூலில் வொண்டர் உமனான டயானாவுக்கு 16 வயது. தன் தீவுக்கு வெளியே கடலில் தத்தளிக்கும் அகதிகளைக் காப்பாற்றப் போய், திரும்பும் வழியை இழந்து தானே அகதியாகிறாள். கரையேறி, முகாமில் தங்கி, நியூயார்க் போய்ச் சேர்கிறாள். அந்நிய மண்ணுக்கு வந்தவள் என்பது வொண்டர் உமனின் கதையில் தொடக்கம் முதலே உண்டு. லாரி ஹால்ஸ் ஆண்டர்சன் அதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார்.

எங்கே சறுக்குகிறது?

‘கோதம் ஹை’ (2020) நூலில் பேட்மேனாக நாம் அறிந்த புரூஸ் வெய்ன், அவன் தோழி செலினா, ஜோக்கராக நாம் அறிந்த ஜாக் மூவரும் ஒரே பள்ளியில் படிக்கிறார்கள். முக்கோணக் காதல், ஆள்கடத்தல், பணக்காரப் பிள்ளைகளின் விருந்துகள் எல்லாம் உண்டு. படிக்க அலுப்பில்லை. ஆனால் மூவருக்கும் வேறு பெயர் வைத்தாலும் கதை அப்படியே நிற்கும். பேட்மேன் என்ற பெயர் அங்கே அட்டையில் ஒட்டிய விலைச்சீட்டு மட்டுமே.

இந்த வகை நூல் எது கைக்கு வந்தாலும் அதே சோதனையைச் செய்து பாருங்கள். நாயகரின் பெயரை மாற்றிவிட்டுப் படியுங்கள். எதுவும் குறையவில்லை என்றால் அது வெறும் பள்ளிக்கூடக் கதை. பார்பராவின் பெயரை எடுத்துவிட்டால், 1988-இல் அந்த வாசலில் விழுந்தவளுக்கு 32 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த பதில் காணாமல் போய்விடும். முதலில் எதைப் படிப்பது என்று கேட்டால், நான் ‘தி ஆரக்கிள் கோட்’ நூலைத்தான் சொல்வேன்.