முறிந்த உருக்குச் சட்டத்தை ஒட்டும் முறை

பெரும்போக அறுவடையில், நெல்மூடை ஏற்றிய உழவியந்திரப் பெட்டியின் இழுவைச் சட்டம் கந்தளாய் வீதியில் முறிந்தால், மூடையும் ஆளும் ஒருங்கே ஆபத்திற்குள்ளாகும். அத்தகைய முறிவை ஆராயின், பழைய ஒட்டு மேற்புறத்தில் மட்டுமே பற்றியிருக்கக் காணலாம்.

மெல்லிய தகட்டுக்கு வாயுச் சுவாலை போதும். 12 மில்லிமீற்றர் கனமுள்ள சட்டத்துக்கு மின் வெல்டிங்கே உகந்தது. வாயுவைப் பாய்ச்சிக் கம்பிச் சுருளால் ஒட்டும் இயந்திரம் பட்டறைக்குள் விரைந்து வேலை செய்யும். வயலோரத்திலோ காற்று அவ்வாயுவைக் கலைக்க, ஒட்டில் துளைகள் விழும். அங்கே குச்சி வெல்டிங்கே நன்று.

விளிம்புகளைத் தேய்த்து, ஏறக்குறைய 60 பாகை விரிந்த பள்ளமாக்குக. அடியில் 3 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு, முதல் ஓட்டத்தை மெல்லிய குச்சியால் அடிவரை செலுத்துக. ஒவ்வோர் ஓட்டத்தின் பின்னும் கசட்டைத் தட்டித் துலக்கிய பின்பே அடுத்ததை இடுக. பலர் அவசரப்படுவது இங்கேதான். 1943 இல் அமெரிக்காவில் ‘ஸ்கெனெக்டடி’ என்னும் எண்ணெய்க் கப்பல் துறையில் நின்றபடியே இரண்டாகப் பிளந்ததும் ஒட்டுக் குறையிற் தொடங்கிய வெடிப்பினாலேயே.

திருகோணமலைக் கடற்காற்று ஈரமானது; மாரியில் இன்னும் மிகுதி. ஈரக் குச்சியிலிருந்து எழும் ஐதரசன் தடித்த உருக்கில் வெடிப்புண்டாக்கும். அது மறுநாளே புலப்படவும் கூடும். ஆதலின் 7018 இலக்கக் குச்சியைக் காற்றுப் புகாது மூடி வைத்து, ஈரம் பட்டதாயின் பெட்டியிற் குறித்த சூட்டில் உலர்த்தியே பயன்படுத்துக. ஒட்டிய சூட்டோடு நீர் ஊற்றுதல் கூடாது.