வேளாண் அறிவியல் நிலையம்: செலவு யாருடையது, வேலை என்ன?

இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது. நடத்தும் பொறுப்பு கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்குத் தரப்பட்டது. உழவர்களுக்குத் தொழிற்பயிற்சி தரத் தனி நிறுவனங்கள் வேண்டும் என்று கோத்தாரி கல்விக் குழு (1964–66) பரிந்துரைத்தது. மோகன் சிங் மேத்தா தலைமையிலான குழு அதற்கு வடிவம் கொடுத்தது. இன்று நாடு முழுவதும் 700-க்கும் மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. பெரும்பாலும் மாவட்டத்துக்கு ஒன்று.

ஊதியமும் திட்டச் செலவும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நிதி. நிலத்தையும் நிர்வாகத்தையும் நடத்தும் நிறுவனம் தருகிறது. அந்த நிறுவனம் வேளாண்மைப் பல்கலைக்கழகமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகமும், ஈரோடு மாவட்டத்தில் மைராடா தொண்டு நிறுவனமும், நீலகிரியில் தோட்ட அதிபர்கள் சங்கமான உபாசியும் நடத்துகின்றன. விதை, நாற்று விற்ற பணம் சுழல் நிதியில் சேர்ந்து அடுத்த பருவத்துக்கு முதலாகிறது.

ஒரு நிலையத்துக்கு ஒதுக்கப்பட்ட பணியிடங்கள் 16. தலைவர் ஒருவர், பயிர், தோட்டக்கலை, பூச்சிநோய், கால்நடை, மனையியல் போன்ற துறைகளில் வல்லுநர் 6 பேர், மற்றவர்கள் உதவியாளர்கள். ஒரு மாவட்டம் முழுவதையும் இவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்; அதிலும் பல இடங்கள் காலி.

பயிற்சி வகுப்புதான் வெளியே தெரியும். ஆனால் நிலையத்தின் உயிர் இரண்டு வேலைகளில் இருக்கிறது. ஆராய்ச்சி நிலையத்தில் தேறிய முறை இந்த ஊர் மண்ணுக்கும் தண்ணீருக்கும் ஒத்துவருமா என்று உழவரின் வயலிலேயே சோதிப்பது ஒன்று. ஒத்துவருவதை அக்கம்பக்கத்தார் கண்ணால் பார்க்கும்படி செயல்விளக்கத் திடல் அமைப்பது மற்றொன்று.

நிலக்கடலையை எடுத்துக்கொள்ளலாம். விதைத்த 40–45 நாளில் எக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்கச் சொல்வது பல்கலைக்கழகப் பரிந்துரை. பருப்பு திரளத் தேவையான, ஜிப்சத்திலுள்ள சுண்ணாம்புச் சத்தை மண்ணுக்குள் இறங்கிய விழுதும் இளங்காயும் நேரடியாகவே உறிஞ்சுகின்றன. பற்றாக்குறையானால் காய் பொக்காகும். இதை வகுப்பில் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். ஒரே வயலில் பாதிக்கு ஜிப்சம் இட்டு, பாதியை வழக்கப்படி விட்டு, அறுவடையன்று இரு பக்கத்துச் செடியையும் பிடுங்கிக் காட்டினால் பேச்சுக்கு இடமில்லை. இடுபொருளை நிலையம் கொடுக்கும். வயலும் உழைப்பும் உழவருடையவை. எந்த உழவர் தன் வயலைத் தருகிறார் என்பதும் முக்கியம். வசதியான பெரிய பண்ணையையே திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தால், சிறு விவசாயி அதைத் தன் கதையாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

 

மதிப்பீட்டில்தான் சிக்கல். எத்தனை பயிற்சி, எத்தனை பேர் கையெழுத்திட்டார்கள் என்று எண்ணுவது எளிது. இரண்டு ஆண்டு கழித்து எத்தனை பேர் அந்த முறையைக் கைவிடாமல் செய்கிறார்கள் என்பதை அறிய, அதே வல்லுநர் அதே ஊருக்குத் திரும்பப் போக வேண்டும். நிரப்பப்படாத பணியிடமும் தாமதமாக வரும் நிதியும் முதலில் கெடுப்பது இந்தத் தொடர்ச்சியைத்தான். ஒரு பருவம் தவறினால் செயல்விளக்கம் ஓராண்டு தள்ளிப்போகும். விதைப்பு நாள் கோப்பு நகரும்வரை காத்திருக்காது. கட்டடம் கட்டுவதைவிட ஆளையும் பயணச் செலவையும் உறுதிசெய்வதே இந்நிலையங்களுக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி.

ஒவ்வொரு நிலையத்துக்கும் அறிவியல் ஆலோசனைக் குழு உண்டு. அடுத்த ஆண்டு எந்தப் பயிரில், எந்தச் சிக்கலைக் கையிலெடுப்பது என்று அங்கேதான் பேசப்படுகிறது. அதிகாரிகள், வங்கியாளர்களோடு உழவர்களுக்கும் அதில் இடம் இருக்கிறது. அந்த இடத்தை விவசாயிகள் கேட்டு வாங்கி, தங்கள் ஊர்ச் சிக்கலை அங்கே வைக்க வேண்டும்.