72 குழிகள், ஒரு பகல்

கோல்ப் என்றதும் வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்றே நம்மில் பலருக்குத் தோன்றும். அந்த எண்ணத்தில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் பிரித்தானியாவில் இதே விளையாட்டைப் பிறரன்புப் பணிக்காக வியர்வை சிந்தும் ஒரு நாளாக மாற்றியிருக்கிறார்கள். புற்றுநோயாளர்களுக்கு உதவும் மாக்மில்லன் அமைப்பின் ‘மிக நீண்ட நாள் கோல்ப் சவால்’ அத்தகையது. ஆண்டின் பகல் மிக நீண்டிருக்கும் ஜூன் மாத நாள்களில், விடியலுக்கும் அந்திக்கும் இடையே 72 குழிகளை, அதாவது நான்கு முழு ஆட்டங்களை, நண்பர்கள் குழுவாகச் சேர்ந்து ஆடி முடிக்க வேண்டும். அதற்காக மற்றவர்கள் தரும் பணம் நோயாளர்களுக்குப் போய்ச் சேரும்.

டக்ளஸ் மாக்மில்லன் என்ற அரசு ஊழியர், தம் தந்தை புற்றுநோயால் துன்புற்று இறந்ததைக் கண்டபின் 1911இல் தொடங்கிய அமைப்பு இது. 1975 முதல் மாக்மில்லன் செவிலியர்களும் பணியாற்றி வருகிறார்கள். யாருக்காக நடக்கிறோம் என்று தெரிந்தால்தான் ஏன் இவ்வளவு ஆயத்தம் என்பதும் புரியும்.

நான்கு ஆட்டங்களுக்கும் சேர்த்து ஏறக்குறைய 32 கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஓர் ஆட்டத்துக்கு 90 அடி எடுக்கும் சாதாரண ஆட்டக்காரருக்கு, நாள் முடிவில் 360 அடிகள் ஆகும். இது எவ்வளவு கடினம்? 1964 வரை அமெரிக்க ஓபன் போட்டியின் கடைசி நாளில் 36 குழிகள் ஆடுவது வழக்கம். அந்த ஆண்டு கென் வென்டூரி கடும் வெயிலில் மயங்கி விழும் நிலைக்கு வந்தார். மருத்துவர் ஒருவர் கூடவே நடக்க, ஆடி வென்றார். அடுத்த ஆண்டே போட்டியை நான்கு நாள்களாகப் பிரித்துவிட்டார்கள். கைதேர்ந்த வீரருக்கே பாதித் தூரம் அப்படி என்றால், வார இறுதியில் மட்டும் ஆடும் நம்மைப் போன்றவர்கள் ஆயத்தமின்றி இறங்குவது துணிச்சல் ஆகாது.

எனவே, முதல் ஆயத்தம் கால்களுக்கு. இரண்டு மாதங்களுக்கு முன்பே நடக்கத் தொடங்க வேண்டும். பையைத் தோளில் சுமந்தோ தள்ளுவண்டியில் இழுத்தோ, அந்நாளில் எப்படிச் செல்வோமோ அப்படியே பழக வேண்டும். மூன்று வாரங்களுக்கு முன் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள் ஆடிப் பார்த்தால், எந்தக் காலணி கடிக்கிறது, எந்த முதுகு வலிக்கிறது என்று தெரிந்துவிடும். இதய நோயோ சர்க்கரை நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பெயர் கொடுக்கக் கூடாது.

அடுத்தது நேரம். ஜூன் 21ஐ ஒட்டி இலண்டனில் பகல் பதினாறரை மணி நேரம். நால்வர் ஓர் ஆட்டத்தை முடிக்க வழக்கமாக நான்கு மணி நேரமாவது ஆகும். அப்படி ஆடினால் சாப்பிடக்கூட நேரமிராது. மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கையில் நிற்கும். யார் தயாரோ அவர் முதலில் அடிக்கலாம் என்று குழுவுக்குள் முன்பே பேசிக்கொள்வது பெரிதும் உதவும். காணாமற்போன பந்தைத் தேட 2019 வரை விதிகள் ஐந்து நிமிடம் தந்தன. இப்போது மூன்று நிமிடம்தான். ஆட்டத்துக்கு ஒருவர் ஒரு பந்தைத் தொலைத்தாலும் நான்கு ஆட்டங்களில் 48 நிமிடம் போய்விடும். பழைய பந்துகளை நிறையக் கொண்டுபோய், தேடாமல் விட்டுவிடுவதே நல்லது. விதிப்படி 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். இந்த நாளுக்கு ஏழெட்டுப் போதும்.

விடியற்காலையில் புல்லெல்லாம் பனி ஈரம். முதல் ஆட்டத்திலேயே காலுறை நனைந்துவிடும். நனைந்த காலில் கொப்புளம் விரைவாக வரும். ஆகவே, ஆட்டத்துக்கு ஒரு சோடி காலுறை, மாற்றுக் காலணி, விரல்களில் சுற்ற ஒட்டுப்பட்டை ஆகியவை வேண்டும். பசித்தபின் வயிறு நிறைய உண்பதைவிட, சில குழிகளுக்கு ஒருமுறை வாழைப்பழமோ ரொட்டியோ சிறிது சிறிதாக உண்பது நல்லது. தண்ணீரும் அப்படியே. மின்னல் வெட்டினால் யார் என்ன சொன்னாலும் ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டும். அந்த நேரத்தில் புல் வெட்டும் பணியாளர்களுக்கும் நாம் இடையூறு. மன்றத்திடம் முன்னதாகவே அனுமதி பெற்று, அவர்களுக்கும் சொல்லி வைப்பது மரியாதை.

இவற்றைவிடக் கடினம், பணம் கேட்பது. “விளையாடப் போகிறவருக்கு நாங்கள் ஏன் பணம் தர வேண்டும்?” என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. மைதானக் கட்டணம், உணவு, பயணம் ஆகிய அனைத்தையும் நம் கைக்காசில் செலுத்தி, பெறுகின்ற ஒவ்வொரு பவுண்டும் நோயாளருக்கே என்று சொல்ல முடிந்தால்தான் நாம் தயங்காமல் பதில் தரலாம். பிரித்தானியாவில் வருமான வரி செலுத்துவோர் தம் பெயரையும் வீட்டு முகவரியையும் எழுதி ‘கிஃப்ட் எய்ட்’ கட்டத்தில் குறியிட்டால், ஒரு பவுண்டுக்கு 25 பென்ஸ் அரசிடமிருந்து கூடுதலாகக் கிடைக்கும். பலர் இந்தக் கட்டத்தைக் கவனிப்பதில்லை. எடுத்துச் சொல்லத் தயங்க வேண்டாம்.

கேட்கும்போது ஒன்றை மட்டும் சொல்லாதிருப்போம்: “நோயாளர்படும் துன்பத்தை நானும் ஒரு நாள் அனுபவிக்கிறேன்.” நம் களைப்பு நாமே தேடிக்கொண்டது, இரண்டு இரவுத் தூக்கத்தில் தீர்ந்துவிடும். புற்றுநோயோடும் அதன் சிகிச்சையோடும் வரும் களைப்பு ஓய்வெடுத்தாலும் தீராதது. பணம் தருபவர்களில் அதை அனுபவித்தவரும், அப்படிப்பட்டவரை வீட்டில் வைத்துப் பார்ப்பவரும் இருக்கக்கூடும்.

நான்காம் ஆட்டத்தில் குழுவில் ஒருவர் பின்தங்குவார். அவர் பையை யார் சுமப்பது, அவர் நின்றுவிட்டால் மற்ற மூவர் என்ன செய்வது என்பதை முந்தின நாளே முடிவு செய்துவிடலாம். முடிந்ததும், வாக்களித்தவர்களை ஒரு வாரத்துக்குள் சந்தித்து நன்றி கூறித் தொகையைப் பெற்றுக்கொள்ள வேண்டும். எத்தனை குழிகள் ஆடினோம் என்பதையும் உள்ளபடி சொல்லிவிடுவோம். மழை வந்து 60இல் நிறுத்தியிருந்தால், 60 என்றே.