வறட்சிக் காலத்து மானியம்



செல்வம் மிக்கதென்று பெயர் பெற்ற அமெரிக்க நாட்டிலும், மாடு வளர்ப்போர்க்கு அரசாங்கம் பணம் கொடுக்கிறது என்றால் உங்களிற் சிலர் வியப்படையலாம். அதை ஏன் கொடுக்கிறது, எந்த அளவுகோலைக் கொண்டு கொடுக்கிறது என்பதையே இன்று நான் விளக்க எண்ணுகிறேன்.

நெப்ராஸ்கா மாநிலத்தின் வடபகுதியில் செர்ரி கௌண்டி என்றொரு வட்டாரம் உண்டு. கௌண்டி என்பது நம் மாவட்டத்தைப் போன்ற ஆட்சிப் பிரிவு. இதன் பரப்பு ஏறத்தாழ 6,000 சதுர மைல். 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி இங்கு வாழ்வோர் 6,000 பேருக்கும் குறைவு. மாடுகளோ லட்சத்துக்கும் மேல். நிலத்தின் பெரும்பகுதி புல் போர்த்த மணற்குன்றுகள். ஏரோட்டினால் மணல் காற்றில் பறந்துவிடும். ஆதலின் மாடு மேய்த்துப் பிழைப்பதே பெருந்தொழில். மழை பொய்த்தால் புல் இல்லை. தீவனத்தை விலைக்கு வாங்க வேண்டும். அன்றேல் மந்தையை விற்க வேண்டும். எல்லோரும் ஒரே சமயத்தில் விற்க முற்பட்டால் விலை வீழ்ந்துவிடும். பார்த்துப் பார்த்து வளர்த்த தாய்ப்பசுக்கள் ஒருமுறை கைவிட்டுப் போனால், மந்தையை மீண்டும் உருவாக்கப் பல ஆண்டுகள் செல்லும்.

இவ்விடரைத் தனியொருவர் தாங்க இயலாது என்பதை அந்நாடு 1934ஆம் ஆண்டுப் பெருவறட்சியிலேயே உணர்ந்தது. அவசரநிலை அறிவிக்கப்பட்ட கௌண்டிகளில் மாடு ஒன்றுக்கு 14 முதல் 20 டாலர் வரை கொடுத்து அரசாங்கமே வாங்கிக்கொண்டது. தகுதியுடைய மாடுகளின் இறைச்சி ஏழைகளுக்குப் பங்கிடப்பட்டது.

இக்காலத்து முறை வேறு. வாரந்தோறும் வெளியாகும் வறட்சிப் படம் ஒன்று வறட்சியை நான்கு படிகளாகப் பிரித்துக் காட்டுகிறது. 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி, மேய்ச்சற் பருவத்தில் கௌண்டியின் எப்பகுதியேனும் இரண்டாம் படியில் தொடர்ந்து எட்டு வாரம் இருந்தால் ஒரு மாதத்துக்குரிய உதவி உண்டு. 2025ஆம் ஆண்டில் இது நான்கு வாரமாகக் குறைக்கப்பட்டது. படி ஏற ஏற, ஐந்து மாதம் வரை உதவி வளரும். ஒரு மாத உதவி என்பது மாட்டின் தீவனச் செலவில் நூற்றுக்கு 60 பங்கு.

இம்முறையில் ஒரு நன்மை வெளிப்படை: அதிகாரியின் விருப்பு வெறுப்புக்கு இடமில்லை, படமே பேசிவிடுகிறது. ஆயினும் இரண்டு வினாக்கள் எழுகின்றன. 6,000 சதுர மைல் நிலத்தில் ஒரு மூலை காய்ந்தால் மறு மூலையும் காய்ந்திருக்கும் என்று சொல்ல முடியுமா? அடுத்து, தொகை மாட்டின் தலையை எண்ணித் தரப்படுவதால், 50 மாடுடையவர் பெறுவதைப்போல் 500 மாடுடையவர் பத்து மடங்கு பெறுகிறார். ஒருவர்க்கு ஆண்டுக்கு 125,000 டாலர் என்று 2014ஆம் ஆண்டுச் சட்டம் உச்சவரம்பு வைத்தது இதனாலேதான்.

இவற்றினும் பெரிய கேள்வி காலத்தைப் பற்றியது. 2008ஆம் ஆண்டுச் சட்டம் தொடங்கிய இவ்வுதவி, 2011 செப்டம்பரோடு காலாவதியாயிற்று. மறு ஆண்டே நெப்ராஸ்கா கொடிய வறட்சிக்கு ஆளாயிற்று. புதிய சட்டம் 2014 பிப்ரவரியில்தான் நிறைவேறியது. கடந்த இழப்புகளுக்கும் அது பணம் அளித்தது உண்மையே. வறட்சியால் மாட்டை விற்றவரும் 80 விழுக்காடு தொகை பெற வழியிருந்தது. ஆனால், புல் கருகிய நாளில் தீவனம் வாங்கக் கையில் காசில்லாதவர்க்கு, இரண்டாண்டு கழித்து வரும் காசோலை மந்தையைத் திருப்பித் தருமா? சேமிப்புடைய பெரும் பண்ணையாளர் காத்திருக்கலாம். சிறு பண்ணையாளர் காத்திருக்க இயலாது.

ஆதலின், மானியம் நல்லதா தீயதா என்று பொதுவில் வாதிடுவதால் பயனில்லை என்றே நான் கருதுகிறேன். யாருக்கு, எதை அளந்து, எந்த நாளில் கொடுக்கப்படுகிறது என்று கேளுங்கள். மாட்டின் தலையை எண்ணுவது எளிது. மனிதரின் தேவையை எண்ணுவது அரிது. அரிய அவ்வேலையைச் செய்வதற்குத்தான் நல்லாட்சி வேண்டும்.