சுகாதாரமாக்கலும் தொற்றுநீக்கலும்

உணவகமொன்றில் ஒரே ஈரத்துணியால் பத்து மேசைகளைத் துடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேசைகள் பளபளக்கும், ஆனால் முதலாவது மேசையிலிருந்த நுண்ணங்கிகள் பத்தாவது மேசைக்கும் சென்றுவிடும். எனவே கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் மேற்பரப்பு பாதுகாப்பான மேற்பரப்பாக இருக்க வேண்டியதில்லை. பின்வரும் மூன்று செயன்முறைகளையும் வேறுபடுத்தி அறிந்து கொள்க.

1. வரைவிலக்கணங்கள்

அ. சுத்தம் செய்தல்: சவர்க்காரமும் நீரும் கொண்டு அழுக்கு, எண்ணெய், உணவுத் துணிக்கைகள் என்பவற்றை அகற்றுதல். நுண்ணங்கிகள் சில அழுக்குடன் நீங்கும். எஞ்சியவை உயிருடன் இருக்கும்.

ஆ. சுகாதாரமாக்கல்: பற்றீரியாக்களின் எண்ணிக்கையைப் பாதுகாப்பான மட்டத்திற்குக் குறைத்தல். ஐக்கிய அமெரிக்க நியமப்படி, உணவு படும் மேற்பரப்புக்குரிய பதார்த்தமொன்று 30 செக்கனில் 99.999% பற்றீரியாக்களைக் குறைக்க வேண்டும். அதாவது 10 இலட்சம் பற்றீரியாக்களில் 10 மாத்திரமே எஞ்சலாம்.

இ. தொற்றுநீக்கல்: நோயாக்கும் பற்றீரியாக்களையும் வைரசுகளையும் அழித்தல். இதற்குச் செறிவு கூடிய கரைசலும் கூடிய நேரமும் தேவை. எனினும் பற்றீரிய வித்திகள் அனைத்தும் இதனால் அழிவதில்லை. அவற்றையும் அழிப்பது கிருமியழித்தல் எனப்படும்.

2. எங்கு எதனைச் செய்தல் வேண்டும்?

வெட்டுப்பலகை, கத்தி, தட்டு, உணவு மேசை போன்ற உணவு படும் இடங்களுக்குச் சுகாதாரமாக்கல் பொருத்தமானது. மலசலகூடம், நோயாளர் அறை, வாந்தி அல்லது இரத்தம் சிந்திய இடம் என்பவற்றுக்குத் தொற்றுநீக்கல் அவசியம்.

"கூடிய செறிவு எப்போதும் நல்லது" என்பது தவறான கருத்தாகும். செறிந்த கரைசலின் மீதி உணவில் கலந்தால் தீங்கு ஏற்படும். உணவு படும் இடத்தைத் தொற்றுநீக்க நேர்ந்தால், பின்னர் அதனை நன்னீரால் கழுவுதல் வேண்டும்.

3. கணித்தல்

5% சோடியம் ஐப்போகுளோரைற்றுக் கரைசலின் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 50 000 மில்லிகிராம் உண்டு எனக் கொள்க. 5 லீற்றர் கரைசல் தயாரிக்கத் தேவையான அளவு:

சுகாதாரமாக்கலுக்கு (லீற்றருக்கு 100 மில்லிகிராம்):
100 × 5000 ÷ 50 000 = 10 மில்லிலீற்றர்

தொற்றுநீக்கலுக்கு (லீற்றருக்கு 1000 மில்லிகிராம்):
1000 × 5000 ÷ 50 000 = 100 மில்லிலீற்றர்

பொருள் ஒன்றே, செறிவும் நேரமும் மாறும்போது பயனும் மாறுகின்றது.

4. கவனிக்க வேண்டியவை

• முதலில் சுத்தம் செய்க. உணவு மீதிகளும் அழுக்கும் குளோரீனுடன் தாக்கமுற்று அதன் வலிமையைக் குறைத்துவிடும்.
• போத்தலின் சுட்டியில் குறிப்பிட்ட நேரம் வரை மேற்பரப்பு ஈரமாக இருத்தல் வேண்டும். இது தொடுகைக் காலம் எனப்படும். தெளித்தவுடன் துடைத்தால் பயனில்லை.
• ஐப்போகுளோரைற்றை அமிலத்துடனோ அமோனியாவுடனோ ஒருபோதும் கலக்க வேண்டாம். நச்சு வாயுக்கள் வெளியேறும்.
• ஐதாக்கிய கரைசலை அன்றன்றே தயாரிக்க. நேரம் செல்லச் செல்ல அதன் வலிமை குறையும்.

5. மாதிரி வினா

உணவகமொன்றில் சிறுவன் ஒருவன் மேசையில் வாந்தியெடுத்தான். ஊழியர் உடனே லீற்றருக்கு 100 மில்லிகிராம் கொண்ட குளோரீன் கரைசலை அதன் மீது தெளித்து, அக்கணமே உலர்ந்த துணியால் துடைத்தார். பின்னர் அதே துணியால் அடுத்த மேசையையும் துடைத்தார். அவர் விட்ட தவறுகள் நான்கினைத் தருக.

விடை:
(1) முதலில் வாந்தியை அகற்றிச் சுத்தம் செய்யவில்லை.
(2) செறிவு போதாது. வாந்தி மூலம் பரவும் நோரோ வைரசை அழிக்க லீற்றருக்குக் குறைந்தது 1000 மில்லிகிராம் தேவை.
(3) தொடுகைக் காலம் வழங்கப்படவில்லை.
(4) அசுத்தமான துணியால் அடுத்த மேசைக்கும் நோய்க்கிருமியைப் பரப்பினார்.

குறிப்பு: இவ்வாறான வினாக்களில் "சுத்தம் செய்யவில்லை" என்று மாத்திரம் எழுதினால் போதாது. எந்தப் படி தவறியது, அதனால் விளைந்தது என்ன என்ற இரண்டையும் எழுதுக.