குருத்தெலும்பு செய்யும் விந்தை

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் உடற்பயிற்சி ஆசிரியை எங்களைச் சுவரோரம் நிறுத்தி உயரம் அளப்பது வழக்கம். இவ்வாண்டு எங்கள் வகுப்பில் பலருக்குச் சென்ற ஆண்டின் எண்ணே திரும்ப வந்தது. ஒரு தோழிக்குக் கண்ணீரே வந்துவிட்டது. விளம்பரத்தை நம்பி அவள் வாங்கிய ‘உயரம் தரும்’ மாவு இரண்டு டப்பா தீர்ந்திருந்ததாம்! அதே வாரத்தில் இன்னொரு தோழியின் பாட்டி, முழங்கால் மூட்டு வலியால் மாடிப்படி ஏற இயலாமல், தம் படுக்கையைக் கீழே மாற்றிக்கொண்டார். இவ்விரு துயரங்களுக்கும் உறவு உண்டென்று அப்போது நாங்கள் அறியோம். அறிவியல் ஆசிரியையிடம் கேட்டும் நூலகத்தில் தேடியும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

எலும்பு எந்த இடத்தில் வளர்கிறது? ரப்பரைப் போல முழுவதும் நீள்கிறதா? இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற மதகுரு, வளரும் கோழிக்குஞ்சின் கால் எலும்பில் அரை அங்குல இடைவெளி விட்டு இரண்டு சிறு துளைகள் இட்டார். இரண்டு மாதங்கள் சென்றபின் எலும்பு ஓர் அங்குலம் நீண்டிருந்தது. துளைகளின் இடைவெளியோ அதே அரை அங்குலம்! 1727ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் அவர் இதனை எழுதினார். நடுத்தண்டு நீள்வதில்லை, நுனிகளின் அருகிலேயே வளர்ச்சி நடைபெறுகிறது என்பது இதனால் விளங்கும். (கோழிக்குஞ்சை நினைத்தால் எங்களுக்குச் சற்று வருத்தம்தான்.)

நம் நீண்ட எலும்புகளின் நுனிகளை அடுத்து ‘வளர்ச்சித் தட்டு’ என்னும் மெல்லிய குருத்தெலும்பு அடுக்கு இருக்கிறது. அதன் மேற்பகுதியில் சில செல்கள் உறங்குவனபோல் இருக்கும். அவற்றின் கீழே உள்ளவை பிரிந்து பெருகி, நாணயங்களை அடுக்கியதுபோல வரிசையாக நிற்கும். இன்னும் கீழே வந்ததும் பிரிவதை நிறுத்திவிட்டுப் பருக்கத் தொடங்கும். ஒரு செல்லின் கன அளவு பத்து மடங்குக்கு மேலும் பெருகக்கூடும்! ஒடுக்கமான ஜாடியில் கொண்டைக்கடலையை ஊறப்போட்டால் பக்கங்களில் இடமின்றி மேல்நோக்கி உயருமே, அதைப்போல இச்செல்கள் பருக்கும்போது எலும்பு நீள்கிறது. செல்கள் எண்ணிக்கையில் பெருகுவதால்தான் நாம் உயர்கிறோம் என்று எண்ணியிருந்தோம். உண்மையில் அவை பருப்பதே உயரத்தின் பெரும்பங்கைத் தருகிறது.

பருத்த செல் ‘பத்தாம் வகைக் கொல்லாஜன்’ என்ற தனிப் புரதத்தை உண்டாக்குகிறது. அதனைச் சுற்றிச் சுண்ணாம்புச் சத்து படிகிறது. பிறகு அது இரத்தக் குழாய்களை உள்ளே அழைக்கிறது. அவற்றோடு எலும்பு கட்டும் செல்களும் வருகின்றன. பருத்த செல்கள் பல மடிந்துவிடும். சில, தாமே எலும்பு கட்டும் செல்களாக மாறும். வைட்டமின் டி குறைந்த குழந்தைகளிடம் சுண்ணாம்பு படிவதும் செல்கள் மடிவதும் தடைப்பட, பருத்த செல்கள் குவிந்து தட்டு தடித்துவிடுகிறது. மணிக்கட்டு வீங்கிக் கால்கள் வளையும் ரிக்கெட்ஸ் நோய் இதுவே.

இவ்வளவு வேலை செய்யும் தட்டு ஒருநாள் மூடிக்கொள்வது ஏன்? ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனே முக்கிய காரணம். ஆண்களுக்கும் அதுவே! அந்த ஹார்மோனை உடல் ஏற்க இயலாத குறையோடு பிறந்த ஓர் ஆணைப் பற்றி 1994இல் மருத்துவர்கள் எழுதினர். வயது 28, உயரம் 204 சென்டிமீட்டர். அப்போதும் அவர் வளர்ந்துகொண்டிருந்தார். பெண்களுக்கு இந்த ஹார்மோன் முன்னரே மிகுவதால், பெரும்பாலோருக்கு 14 முதல் 16 வயதுக்குள் தட்டுகள் மூடுகின்றன. மூடிய தட்டை எந்த மாவும் திறக்காது. இதைச் சொன்னபோது எங்கள் தோழி முதலில் கோபித்துக்கொண்டாள்; ஆனால் மூன்றாவது டப்பா வாங்கவில்லை.

இனிப் பாட்டியிடம் வருவோம். மூட்டில் எலும்பின் முனையைப் போர்த்தியிருப்பதும் குருத்தெலும்பே. ஆனால் இங்குள்ள செல்கள் ஆயுள் முழுவதும் பருக்காமல் இருக்கவேண்டியவை. இங்கே இரத்தக் குழாய் இல்லை, நரம்பும் இல்லை. நாம் நடக்கும்போது பஞ்சைப் பிழிந்து விடுவதுபோல் மூட்டு நீர் உள்ளே சென்று வந்து உணவூட்டுகிறது. மூட்டு நோயில் இச்செல்களுள் சில, சிறுவயது வளர்ச்சித் தட்டில் நடந்ததையே இப்போது செய்யத் தொடங்குகின்றன! பருக்கின்றன; அதே பத்தாம் வகைக் கொல்லாஜனை உண்டாக்குகின்றன; குருத்தெலும்பின் வலைப்பின்னலை அறுக்கும் நொதியைச் சுரக்கின்றன. சுண்ணாம்பு படிகிறது, அடியிலிருந்து இரத்தக் குழாய்கள் நுழைகின்றன, ஓரங்களில் எலும்பு முட்கள் முளைக்கின்றன. வளர்ச்சித் தட்டில் உயரம் தந்த அதே வேலை, வழுவழுப்பாக இருக்கவேண்டிய மூட்டைக் குலைக்கிறது. குருத்தெலும்பில் நரம்பு இல்லாமையால் தொடக்கத்தில் வலியும் தெரிவதில்லை.

செல் பருப்பது மட்டுமே காரணமன்று. முதுமை, உடல் எடை, பழைய அடி, பரம்பரை ஆகியனவும் சேர்கின்றன. ஆயினும் ‘தேய்மானம்’ என்ற சொல் எங்களுக்குப் பிடிக்கவில்லை. செருப்பு தேய்வதுபோல் எண்ணிப் பலர் நடப்பதையே விட்டுவிடுகிறார்கள். பாட்டியும் அப்படித்தான் விட்டிருந்தார். பருத்த செல்லைப் பழைய நிலைக்குத் திருப்பும் மருந்து இன்னும் வரவில்லை. தொடைத் தசையை வலுப்படுத்தினால் வலி குறையும் என்று மருத்துவர் பாட்டியிடம் கூறினாராம்.

இப்போது பாட்டி தினமும் காலையில் நாற்காலியில் அமர்ந்து, ஒவ்வொரு காலையும் பத்து முறை நீட்டி மடக்குகிறார். எண்ணிக்கை சொல்வது எங்கள் தோழி. ஒன்பதுக்குப் பிறகு அவள் வேண்டுமென்றே மறுபடி எட்டு என்பாளாம்! பாட்டி இன்னும் மாடி ஏறவில்லை. தெருமுனைக் கடை வரை நடந்துபோய்த் தாமே கீரை வாங்கி வருகிறார்.