செம்பனை முள்ளும் மூடிய சட்டியும்

ஜொகூரில் குளுவாங், கூலாய், கோத்தா திங்கி பக்கம் செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்பவர்களுக்கு முள் குத்துவது ஒரு செய்தியே அல்ல. மட்டையை வெட்டும்போதோ குலையைத் தூக்கும்போதோ எங்காவது ஏறிவிடும். பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். ரத்தம் கொட்டும் வெட்டுக்காயத்தைக் கண்டு பதறும் நாம், இந்தச் சிறு துளையைப் பொருட்படுத்துவதில்லை. டெட்டனஸ் கிருமிக்கு மிகவும் வசதியான இடம் அதுதான்.

அந்தக் கிருமி கிளாஸ்டிரிடியம் என்னும் பாக்டீரியாக் கூட்டத்தைச் சேர்ந்தது. இக்கூட்டத்தில் பெரும்பாலானவை ஆக்சிஜன் உள்ள இடத்தில் வளர மாட்டா. ஆனால் அழிந்தும் போகா. விதையைப் போலத் தடித்த உறைக்குள் முடங்கி மண்ணிலும் தூசியிலும் சாணத்திலும் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். வறட்சி மட்டுமல்ல, கொதிநீர்கூட அந்த உறையை எளிதில் அழிப்பதில்லை. முள்ளோடு ஆழமாகச் சதைக்குள் போய், மேலே தோல் மூடிக்கொண்டால் உள்ளே காற்றில்லை. அங்கே கிருமி விழித்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும்.

ஆளை வீழ்த்துவது அந்த நஞ்சுதான். நரம்பு வழியே தண்டுவடத்துக்குப் போய், தசைகளைத் தளரவைக்கும் சமிக்ஞையைத் தடுத்துவிடுகிறது. முதலில் தாடை இறுகும், வாயைத் திறக்க முடியாது. பிறகு கழுத்து விறைக்கும், முதுகு வில்லாக வளையும். பெரியவர்கள் ரணஜன்னி என்று அஞ்சியது இதைத்தான். பெரும்பாலும் காயம்பட்ட 3 முதல் 21 நாளுக்குள் தொடங்கும். அதற்குள் காயமே ஆறி மறந்துபோயிருக்கலாம். துருப்பிடித்த ஆணிதான் காரணம் என்று பலர் நம்புகிறார்கள். துரு எதுவும் செய்வதில்லை, ஆணியில் ஒட்டிய மண்தான் கிருமியைக் கொண்டுபோகிறது. ஒருமுறை வந்து பிழைத்தவருக்கும் எதிர்ப்பாற்றல் உண்டாவதில்லை. ஊசி ஒன்றே வழி.

மலேசியாவில் 2, 3, 5, 18 மாதங்களிலும், பிறகு 7 வயதிலும் 15 வயதிலும் இந்தத் தடுப்பூசி அட்டவணையில் இருக்கிறது. பலருக்கு அதோடு நின்றுவிடுகிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மண் படிந்த காயம் என்றால், கடைசி ஊசி போட்டு ஐந்தாண்டு கடந்திருந்தாலே மறுபடி தேவை. வெளிநாட்டிலிருந்து வந்து தோட்டத்தில் உழைப்பவர்களிடம் பழைய ஊசிப் பதிவு இல்லாமல் இருக்கலாம். அவர்களுக்கு வேலையில் சேரும்போதே ஊசி போடுவது தோட்ட நிர்வாகத்தின் கடமை என்பேன். கையுறைக்குச் செலவழிப்பவர்கள் இதற்கும் செலவழிக்கலாம்.

இதே கூட்டத்தின் இன்னொரு கிருமி, காற்றுப்புகாத டின்னுக்குள் வளரும். அதன் நஞ்சு தசைகளை விறைக்கவிடாது, துவளவைக்கும். இமை தொங்கும், பேச்சுக் குழறும், மூச்சுத் தசைகளே செயலிழக்கும். இதற்கு போட்டுலிசம் என்று பெயர். 2006 மார்ச்சில் தாய்லாந்தின் நான் மாநிலத்தில், சரியாகப் பதப்படுத்தாமல் டின்னில் அடைத்த மூங்கில் குருத்தைத் திருவிழாவில் சாப்பிட்ட 209 பேர் பாதிக்கப்பட்டார்கள். 42 பேருக்குச் செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டது. உப்பிய டின்னைத் திறந்து மோந்து பார்க்காதீர்கள், அப்படியே எறியுங்கள்.

மூன்றாவது கிருமியை நாமே விருந்துக்கு அழைக்கிறோம். திருமணத்துக்குப் பெரிய அண்டாவில் வைத்த ஆட்டுக்கறிக் குழம்பு வெந்துவிடுகிறது, ஆனால் உறைக்குள் இருப்பவை சாவதில்லை. மூடிய அண்டா மணிக்கணக்கில் மெல்ல ஆறும்போது, வெதுவெதுப்பான அடிப்பகுதியில் அவை வேகமாகப் பெருகும். பெர்ஃப்ரிஞ்சென்ஸ் எனப்படும் இது, 6 முதல் 24 மணி நேரத்துக்குள் வயிற்றைப் பிசைந்து பேதியாக்கும். பெரும்பாலும் ஒரே நாளில் அடங்கிவிடும், முதியவர்களுக்குத்தான் ஆபத்து. குழம்பை 60 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகவே வைத்திருங்கள். மிஞ்சினால் தட்டையான பாத்திரங்களில் பிரித்து விரைவில் குளிர்ப்பெட்டியில் வையுங்கள்.

பிறந்த குழந்தையின் நாவில் தேன் தடவும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. தேனில் போட்டுலிசக் கிருமியின் உறை இருக்கலாம். பெரியவர்களின் குடல் அதை வளரவிடாது, பச்சிளங்குழந்தையின் குடலுக்கு அந்த வலு இல்லை. மலச்சிக்கல், பால் உறிஞ்சத் திணறல், மெலிந்த அழுகை, துவண்ட கழுத்து ஆகியவற்றைக் கண்டால் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். குழந்தைக்கு ஒரு வயது நிறையும்வரை, பாட்டியே கேட்டாலும் தேன் கொடுக்காதீர்கள்.